லேப் முடிந்த பிறகு: டேட்டா லாகரைப் படிப்பது எப்படி

1989-ல் ஜப்பானின் சுசூகா ட்ராக்கில், தகுதிச் சுற்றில் அயர்டன் சென்னா ஒரு லேப்பை 1 நிமிடம் 38.041 வினாடியில் முடித்தார். அவருடைய மெக்லாரன் காருக்கு இன்ஜின் கொடுத்த ஹோண்டா, அந்த லேப்பின் அளவீடுகளைப் பத்திரமாக வைத்திருந்தது. 2013-ல் அதே ட்ராக்கைச் சுற்றி ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் வரிசையாக நிறுத்தி, அந்த லேப்பை மறுபடி ஓடவிட்டார்கள். கார் இல்லை, சென்னா இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அவர் எங்கே காலை எடுத்தார், எங்கே மறுபடி மிதித்தார், இன்ஜின் எந்த இடத்தில் எத்தனை சுற்றில் கத்தியது என்பதெல்லாம் அடி பிசகாமல் ட்ராக்கைச் சுற்றி வந்தது.

சென்னா வளைவின் நடுவில் த்ராட்டிலை ஒரே சீராக மிதிக்காமல், படபடவென்று பலமுறை தொட்டுத் தொட்டு விடுவார். ட்ராக் ஓரத்தில் நின்றவர்களுக்கு அது காதில் கேட்டது. ஹோண்டா பொறியாளர்களுக்கோ திரையில் அலை அலையான கோடாகவே தெரிந்தது. ஒரு டிரைவரின் பாதம் என்ன செய்கிறது என்பதை இப்படி எழுத்தாகப் படிக்க முடியும் என்பதுதான் டேட்டா லாகர் மோட்டார் பந்தயத்துக்குத் தந்த பெரிய கொடை.

இன்றைய ஃபார்முலா 1 காரில் சுமார் 300 சென்சார்கள் இருக்கின்றன. கார் ஓடும்போதே அளவீடுகள் பிட்டுக்கு வந்து சேரும். பிட்டிலிருந்து காருக்கு உத்தரவு அனுப்பி இன்ஜின் அமைப்பை மாற்றும் இருவழி முறை மட்டும் 2003 முதல் தடை செய்யப்பட்டது. அந்த அளவுக்குப் போகாமலே, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி கிளப் பந்தயக்காரருக்குப் பெரும் உதவி செய்யும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.717 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. இந்த ட்ராக்குகளில் ஃபார்முலா கார், சலூன் கார், கார்ட் ஓட்டுகிறவர்களையும், ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கார் கட்டும் கல்லூரி அணிகளையும் மனதில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

இதில் திரும்பத் திரும்ப வரப்போகிற விஷயம் ஒன்றுதான். லாகர் தானாக எதையும் சொல்லாது; கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஓட்டத்துக்கு முன்பே ஒரு கேள்வியை எழுதிவைத்து, ஓட்டம் முடிந்ததும் அதற்கு ஒரு முடிவு எடுக்கிற அணிக்கு நான்கு கோடுகள் போதும். அந்தப் பழக்கம் இல்லாத அணிக்கு நாற்பது கோடு இருந்தும் பயன் இல்லை.

எதை வாங்குவது, எதைப் பதிவு செய்வது

தொடக்கத்துக்குக் கைப்பேசி செயலியே போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. பெரும்பாலான கைப்பேசிகளின் ஜி.பி.எஸ். வினாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 50 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்கியதும் வளைவுக்குள் திரும்பியதும் அந்த 50 மீட்டருக்குள்ளேயே முடிந்துபோகலாம். அதே செயலியுடன் வினாடிக்கு 10 முறை பதிவு செய்யும் தனி ஜி.பி.எஸ். கருவியை இணைத்தால், புள்ளிகளுக்கு இடையே 5 மீட்டர்தான். அங்கிருந்துதான் உருப்படியான வேலை தொடங்குகிறது.

இத்தாலியின் ஏ.ஐ.எம்., ஆஸ்திரேலியாவின் மோடெக், இங்கிலாந்தின் ரேஸ்லாஜிக் போன்ற நிறுவனங்களின் கருவிகள் உலகெங்கும் பந்தயக் கார்களில் புழங்குகின்றன. எந்தப் பெயரை வாங்கினாலும் பார்க்க வேண்டியவை மூன்று: ஒரு வினாடிக்கு எத்தனை முறை பதிவாகிறது, வெளியிலிருந்து எத்தனை சென்சார்களைச் சேர்க்கலாம், இன்ஜின் கம்ப்யூட்டரின் கேன் இணைப்பைப் படிக்குமா. கேன் என்பது 1986-ல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கம்பித் தொடர்பு முறை. இன்ஜின் சுற்று, த்ராட்டில், தண்ணீர் வெப்பம் ஆகியவை அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு கம்பிகளை இணைத்தாலே தனித்தனி சென்சார் வாங்கும் செலவு மிச்சம்.

சென்சார்களைச் சேர்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஜி.பி.எஸ். வேகமும், பக்கவாட்டு விசை, முன்பின் விசை இரண்டும். இவை பெரும்பாலும் கருவிக்குள்ளேயே இருக்கும். அடுத்து இன்ஜின் சுற்று, தண்ணீர் வெப்பம், ஆயில் அழுத்தம். மூன்றாவது த்ராட்டில், பிரேக் அழுத்தம், ஸ்டீயரிங் கோணம். டாம்பர் நகர்வு, டயர் வெப்பம் போன்றவை இந்த மூன்று படிகளையும் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிறகுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டிய அணி, பந்தய வார இறுதியைக் கம்பி பழுது பார்ப்பதிலேயே கழிக்கும்.

எதை எவ்வளவு அடிக்கடி பதிவு செய்ய வேண்டும் என்பதை அந்தப் பொருள் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே தீர்மானிக்கும். தண்ணீர் வெப்பத்துக்கு வினாடிக்கு ஒருமுறை போதும். ஸ்டீயரிங்குக்கும் த்ராட்டிலுக்கும் 50 முறையாவது வேண்டும். ரோட்டின் மேடுபள்ளத்தில் சக்கரம் வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை துள்ளும். அதைப் பிடிக்க டாம்பர் சென்சார் 200 முறைக்குக் குறையக் கூடாது.

பொருத்தும்போதே பாதி வேலை

தவறாகப் பொருத்திய சென்சார் பொய் சொல்லும்; அதுவும் நம்பும்படியாகச் சொல்லும். ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கு வானம் முழுதாகத் தெரிய வேண்டும். ரோல் பாருக்கு அடியில் ஒளித்து வைத்தால் வேகக் கோட்டில் இல்லாத பள்ளங்கள் விழும். விசையை அளக்கும் பெட்டி, காரின் எடை மையத்துக்கு அருகில், தரைக்கு இணையாக, அசையாமல் இருக்க வேண்டும். ரப்பர் மேல் தளர்வாக உட்கார்ந்த பெட்டி இன்ஜின் அதிர்வையும் சேர்த்து எழுதிவிடும்.

சாதாரண ஜி.பி.எஸ். காட்டும் இடம் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்கலாம். ஆனால் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து கணக்கிடும் வேகம் அதைவிடப் பல மடங்கு துல்லியமானது. ஆகவே திரையில் தெரியும் வரைபடத்தைப் பார்த்து, டிரைவர் வளைவின் உள்விளிம்பைத் தொடாமல் போய்விட்டார் என்று வாதம் செய்வதில் பொருள் இல்லை. அந்தக் கேள்விக்கு வீடியோவைப் பார்க்க வேண்டும். வேகத்தைப் பற்றிய கேள்விக்கு ஜி.பி.எஸ்.-ஐ நம்பலாம்.

கார் வெளியே போவதற்கு முன் ஒரு சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து ஸ்டீயரிங் சென்சாரைப் பூஜ்யமாக்க வேண்டும். பிரேக்கைத் தொடாமல் அழுத்தம் பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். பிறகு டிரைவரை சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, ஷூ அணிந்த காலோடு ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்ல வேண்டும். திரையில் 100 வரவில்லை, 92-ல் நின்றுவிட்டது என்றால், பெடலை முடிந்தவரை மிதித்தும் த்ராட்டில் தட்டு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது பெடலின் தடுப்பு நட்டு வெளியே வந்திருக்கும். ஒரு ஸ்பேனர் வேலை. நேர்பாதையில் கார் ஓடவில்லை என்று இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

முதல் பார்வை இன்ஜினுக்கு

கார் பேடாக்குக்கு வந்ததும் எல்லோருக்கும் லேப் நேரம் பார்க்கத்தான் கை போகும். அதற்கு முன் இரண்டு நிமிடத்தை இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டும். ஆயில் அழுத்தத்தையும் பக்கவாட்டு விசையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும்.

சாதாரண ரோட்டு கார் இன்ஜினில் ஆயில் கீழே சம்பில் தேங்கி நிற்கும். நீண்ட வலது வளைவில் அது முழுவதும் இடது பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாயின் வாய் அந்த நேரத்தில் காற்றைக் குடித்தால், 4 பார் இருந்த அழுத்தம் சில வினாடிகளுக்கு 1.5 பாராக விழும். டேஷ்போர்டு முள்ளை டிரைவர் பார்க்க மாட்டார். அவர் கண் வளைவில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு லேப்பிலும் அதே இடத்தில் கோடு குழி விழுந்திருக்கும். வளைவு முடிந்ததும் அழுத்தம் ஏறிவிடுவதால் அணி நிம்மதியாக இருக்கும். பேரிங்கோ ஒவ்வொரு லேப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கும். சம்பில் தடுப்புத் தகடு போடுவதும் ஆயில் அளவைச் சரிபார்ப்பதும் அடுத்த ஓட்டத்துக்கு முன் நடக்க வேண்டிய வேலைகள். அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஒளிரும் எச்சரிக்கை விளக்கைப் பெரும்பாலான லாகர்களில் அமைக்கலாம். அதை முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

சென்னை வெயிலில் தண்ணீர் வெப்பத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஒரு லேப்பில் எவ்வளவு ஏறியது என்பதைவிட, லேப்புக்கு லேப் ஏறிக்கொண்டே போகிறதா, ஓர் இடத்தில் நிலைக்கிறதா என்பதே முக்கியம். பயிற்சியில் 5 லேப் ஓடும்போது நிலைக்காத வெப்பம், பந்தயத்தில் இன்னொரு காரின் பின்னால் சூடான காற்றில் ஒட்டிக்கொண்டு போகும்போது நிச்சயம் எல்லை தாண்டும்.

வேகக் கோட்டைப் படிப்பது

ஒரே ஒரு கோட்டைத்தான் பார்க்க முடியும் என்றால் அது வேகக் கோடாக இருக்க வேண்டும். கீழ் அச்சில் நேரத்தை வைக்காமல் தூரத்தை வைக்க வேண்டும். நேரத்தை வைத்தால், முதல் வளைவில் அரை வினாடி பிந்திய லேப் அதன் பிறகு எல்லா வளைவிலும் தள்ளியே தெரியும், ஒப்பிட வழியில்லை. தூரத்தை வைத்தால் இரண்டு லேப்பிலும் ஒவ்வொரு வளைவும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காரும்.

ஒப்பிட வேண்டியது யாருடைய லேப்பை? முதலில் டிரைவரின் சிறந்த லேப்பையும் அதற்கு அடுத்த லேப்பையும். அதே கார், அதே டயர், அதே வெயில் என்பதால், வித்தியாசம் எல்லாம் டிரைவருடையது. பிறகுதான் அணியின் இன்னொரு டிரைவரோடு ஒப்பீடு. முன்னால் போகும் காரின் காற்று மறைவில் ஓடிய லேப்பை ஒதுக்கிவிட வேண்டும். அதில் நேர்பாதை வேகம் இயல்புக்கு மேல் இருக்கும். கார் மாறிவிட்டதாக ஏமாற வைக்கும்.

இரண்டு லேப்புக்கும் இடையே நேர வித்தியாசத்தைக் காட்டும் தனிக் கோடு பெரும்பாலான மென்பொருளில் உண்டு. அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கக் கூடாது. எங்கே சாய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் கோடு திடீரென்று சாய்கிறது என்றால் நேர வித்தியாசம் அங்கேதான் உண்டாகிறது. அந்த இடத்துக்கு 100 மீட்டர் முன்னால் போய் வேகக் கோட்டைப் படித்தால் காரணம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வேகக் கோட்டில் தேட வேண்டிய உருவங்கள் சில உண்டு. நேர்பாதை முடிவில் கோடு கூர்மையான உச்சியோடு திரும்ப வேண்டும். உச்சி வட்டமாக இருந்தால், டிரைவர் த்ராட்டிலை விட்டுவிட்டு பிரேக்கைத் தொடாமல் சற்று நேரம் சும்மா உருண்டிருக்கிறார். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் 0.3 வினாடி அப்படி உருண்டால் 12 மீட்டர் வீண். டிரைவருக்கு இது தெரியவே தெரியாது. தாமதமாக பிரேக் பிடித்ததாகவே உறுதியாகச் சொல்வார். கோட்டைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொள்வார்.

அடுத்தது வளைவின் அடிவேகம். அதுவே எல்லாம் என்று நினைத்து டிரைவர்கள் அதை உயர்த்தப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், அந்த அடிவேகத்துக்குப் பிறகு கோடு எவ்வளவு சீக்கிரம் ஏறத் தொடங்குகிறது என்பது. ஒரு கணக்கு: வளைவைவிட்டு மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வெளியே வரும் கார், 500 மீட்டர் நேர்பாதையின் முடிவில் 150-ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாதைக்கு 14.4 வினாடி ஆகும். அதே கார் 102-ல் வெளியே வந்தால் 14.2 வினாடி. காற்றின் எதிர்ப்பைச் சேர்த்தால் லாபம் சற்றுக் குறையும். ஆனாலும் 2 கி.மீ. வேகத்துக்குக் கிடைத்த பரிசு அது. வளைவுக்குள் நுழையும்போது தைரியமாக பிரேக்கைத் தள்ளிப்போட்டுச் சம்பாதித்த நேரம் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ட்ராக்கை ஐந்தாறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கிடைத்த சிறந்த நேரத்தைக் கூட்டினால் டிரைவரால் எட்டக்கூடிய லேப் நேரம் கிடைக்கும். இருபது முப்பது துண்டுகளாகப் பிரித்தால் அந்தக் கூட்டுத்தொகை யாராலும் ஓட்ட முடியாத லேப்பாகிவிடும். ஒரு வளைவுக்குள் மிக வேகமாகப் போனதும், அதே வளைவிலிருந்து மிக வேகமாக வெளியே வந்ததும் வேறு வேறு லேப்பாக இருக்கும். இரண்டும் ஒரே லேப்பில் நடக்காது.

டிரைவரா, காரா?

பயிற்சி நாளில் பேடாக்கில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கார் வந்து நிற்கும். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே டிரைவர் சொல்வார்: "அண்ணே, முன்னாடி பிடிக்கவே மாட்டேங்குது. திருப்பத் திருப்ப நேரா போகுது." மெக்கானிக்கின் கை உடனே ஸ்பேனரைத் தேடும்: "முன் ஆன்டி ரோல் பாரைக் கொஞ்சம் லூஸ் பண்ணிடவா தம்பி?" இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் லாகரைக் கேட்டுவிட வேண்டும்.

ஸ்டீயரிங் கோணமும் பக்கவாட்டு விசையும் வேகமும் இருந்தால் இந்தக் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்லலாம். கார் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 25 மீட்டரில், 1 ஜி பக்கவாட்டு விசையோடு திரும்புகிறது என்று கொள்ளலாம். வேகத்தின் வர்க்கத்தை 9.81-ஆல் வகுத்தால் கார் ஓடும் வட்டத்தின் ஆரம் 64 மீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.4 மீட்டர் என்றால், டயர் வழுக்காமல் அந்த வட்டத்தில் ஓட முன் சக்கரம் சுமார் 2.15 டிகிரி திரும்பினால் போதும். ஸ்டீயரிங் விகிதம் 15-க்கு 1 என்றால் டிரைவரின் கையில் அது 32 டிகிரி. பதிவில் 50 டிகிரி இருந்தால் முன் டயர் நிஜமாகவே வழுக்குகிறது. டிரைவர் சொல்வது சரி. 20 டிகிரிதான் இருக்கிறது, அல்லது கை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால், உண்மையில் வழுக்குவது பின் பக்கம். பின் பக்கம் தளர்வாக இருக்கும்போது பயத்தில் மெதுவாகத் திருப்பும் டிரைவர்கள் அதை முன் பக்கக் கோளாறாகவே உணர்வதுண்டு. அங்கே முன் பாரைத் தளர்த்தினால் கார் இன்னும் பயமுறுத்தும்.

முன் பக்கம் நிஜமாகவே வழுக்குகிறது என்று தெரிந்த பிறகும் அடுத்த கேள்வி ஒன்று பாக்கி: எந்தக் கணத்தில்? ஸ்டீயரிங் கோடு கூடும் இடத்துக்கு நேர்கீழே பிரேக், த்ராட்டில் கோடுகளைப் பார்க்க வேண்டும். பிரேக் இன்னும் மிதிபட்டிருக்கும்போது வழுக்கினால், முன் டயரிடம் நிறுத்துவதையும் திருப்புவதையும் ஒரே நேரத்தில் அதிகம் கேட்கிறார்கள். பிரேக்கை எப்படி விடுவது என்பதில் டிரைவருக்கு வேலை இருக்கிறது. த்ராட்டில் திறந்த பிறகு வழுக்கினால், அவர் வளைவு முடியும் முன்பே மிதித்துவிடுகிறார். பிரேக்கும் இல்லை, த்ராட்டிலும் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, நடு வளைவில் பல லேப்பாக ஒரே மாதிரி வழுக்குகிறது என்றால்தான் காரைத் தொட வேண்டும். முன் ஆன்டி ரோல் பாரைத் தளர்த்தலாம், அல்லது பின்னதை இறுக்கலாம். எந்த வகுப்பில் எதை மாற்ற அனுமதி உண்டு என்பதை விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் சொல்வது

நல்ல டிரைவரின் பிரேக் அழுத்தக் கோடு செங்குத்தாக ஏறி, சாய்வாக இறங்கும். ஏறுவது கால் வினாடிக்குள் முடிந்திருக்கும். இறங்குவது வளைவுக்குள் வரை நீளும். புதியவரின் கோடு தலைகீழ்: தயங்கித் தயங்கி ஏறும், வளைவுக்குப் பக்கத்தில் போனதும் பதற்றத்தில் உச்சத்தைத் தொடும், பிறகு சட்டென்று விடுபடும். சட்டென்று விடும்போது முன் டயரின் மேல் இருந்த எடை பின்னால் ஓடிவிடுவதால், திருப்ப வேண்டிய நேரத்தில் முன் பக்கத்துக்குப் பிடிமானம் குறையும். முந்தைய பகுதியின் "நேரா போகுது" புகார்களில் பல இங்கே பிறந்தவை.

முன்னும் பின்னும் தனித்தனி அழுத்த சென்சார் இருந்தால் பங்கீட்டையும் அளக்கலாம். முன்னால் 42 பார், பின்னால் 28 பார் என்றால் அழுத்தத்தில் முன் பங்கு 60 சதவீதம். மழை பெய்தால் பிடிமானம் குறைந்து, முன்னால் சாயும் எடையும் குறையும். ஆகவே ஈர ட்ராக்கில் பங்கீட்டைக் கொஞ்சம் பின்னால் நகர்த்த வேண்டும். எவ்வளவு நகர்த்தினோம் என்பதைத் திருகின் சுற்றாக எழுதிவைக்காமல் சதவீதமாக எழுதிவைத்தால், அடுத்த மழைக்கு அது நேராக உதவும்.

வெயிலும் டயர் அழுத்தமும்

இங்கே விலை உயர்ந்த சென்சார் எதுவும் தேவையில்லை. நல்ல அழுத்தமானியும், ரப்பருக்குள் குத்தி அளக்கும் ஊசி வெப்பமானியும், ஒரு நோட்டும் போதும். கையால் எழுதினாலும் இதுவும் தரவுதான்.

டயருக்குள் இருக்கும் காற்று சூடாகும்போது அழுத்தம் கணக்குப்படி ஏறும். அழுத்தமானி 20 பி.எஸ்.ஐ. காட்டும்போது வளிமண்டலத்தையும் சேர்த்து உள்ளே இருப்பது 34.7. காலை 32 டிகிரியில் காற்றடித்த டயர், ஓட்டத்தில் 72 டிகிரிக்குச் சூடானால் அழுத்தமானி சுமார் 24.6 காட்டும். ஓடும்போது டயர் வேலை செய்வது இந்தச் சூடான அழுத்தத்தில்தான். ஆகவே இலக்கு எப்போதும் சூடான அழுத்தமாக இருக்க வேண்டும். குளிர்ந்த அழுத்தம் அதற்குப் போய்ச்சேரும் வழி மட்டுமே. காலை 28 டிகிரியில் அடித்து நிழலில் வைத்த டயரை மதியம் 36 டிகிரியில் தொட்டுப் பார்த்தால், யாரும் காற்றடிக்காமலே 0.9 பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். காலையில் நன்றாக ஓடிய கார் மதியம் வழுக்குகிறது என்ற புகாரில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

கார் உள்ளே வந்ததும், டயர் ஆறுவதற்குள், ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் ஊசியைக் குத்தி வெப்பத்தை எழுத வேண்டும். இரண்டு விளிம்பையும்விட நடு சூடாக இருந்தால் அழுத்தம் அதிகம். நடு மட்டும் குளிர்ந்திருந்தால் அழுத்தம் குறைவு. உள்விளிம்பு சில டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. மிகக் கூடுதலாக இருந்தால் சக்கரத்தின் சாய்வு அளவுக்கு மீறிப் போய்விட்டது.

டாம்பர் சென்சாரைப் பற்றிச் சுருக்கமாக. தொடக்க அணி அதற்குச் செலவு செய்வதற்கு முன், டாம்பர் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கி, டாம்பரின் உடலை ஒட்டும்வரை தள்ளிவிட்டு ஓட்டினால், சஸ்பென்ஷன் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்று அது நின்ற இடமே சொல்லிவிடும். அடிவரை போய் முட்டியிருந்தால் வளைவில் கார் திடீரென்று மாறி நடந்துகொள்வதற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே

பயிற்சி ஓட்டங்களுக்கு நடுவில் கிடைக்கும் நேரம் குறைவு. அதில் டயர் மாற்ற வேண்டும், பெட்ரோல் ஊற்ற வேண்டும், டிரைவர் தண்ணீர் குடிக்க வேண்டும். அதனால் வேலையின் வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கார் நின்றதும் முதலில் டயர் வெப்பமும் அழுத்தமும். அதே நேரத்தில் டிரைவர் என்ன உணர்ந்தார் என்பதை அவர் திரையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். திரையைப் பார்த்த பிறகு சொல்வது கோட்டுக்கு ஏற்றபடி மாறிவிடும். டிரைவரின் உடம்பு உணர்ந்தது போய்விடும். பிறகு கோப்பை இறக்கி, இன்ஜின் கோடுகள். அதன் பிறகு, முன்பே எழுதிவைத்த கேள்விக்குப் பதில். கடைசியில் ஒரே ஒரு முடிவு: டிரைவர் ஒரு வளைவில் ஒன்றை மாற்றி ஓட்டுவார், அல்லது காரில் ஒன்றை மாற்றுவோம். இரண்டும் சேர்ந்து வேண்டாம். உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரே கொதியில் மாற்றிய குழம்பில் எது ருசியைத் திருப்பியது என்று யாராலும் சொல்ல முடியாது.

காரைத் தொடும் தகுதி எப்போது வருகிறது என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. டிரைவரின் மூன்று லேப்புகள் தொடர்ச்சியாக 0.3 வினாடிக்குள் அடங்க வேண்டும். ஆன்டி ரோல் பாரை ஒரு துளை நகர்த்தினால் கிடைக்கும் லாபம் பல நேரம் 0.1 அல்லது 0.2 வினாடி. டிரைவரே லேப்புக்கு லேப் ஒரு வினாடி மாறிக்கொண்டிருந்தால், அந்த லாபம் கண்ணுக்குத் தெரியவே போவதில்லை. அப்படிப்பட்ட அணிக்கு அன்றைய நாள் முழுதும் வேகக் கோடும் பிரேக் கோடும்தான் பாடம். செட்டப்பை அப்படியே விட்டுவிடலாம்.

மாற்றம் செய்து ஓட்டிய பிறகு நேரம் குறைந்தால் உடனே கொண்டாடக் கூடாது. பெட்ரோல் குறைந்து கார் இலகுவாகியிருக்கும், ட்ராக்கில் ரப்பர் படிந்திருக்கும், டிரைவர் பழகியிருப்பார். பழைய அமைப்புக்குத் திரும்பி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நேரம் மறுபடி கூடினால்தான் அந்த மாற்றம் உண்மையிலேயே வேலை செய்தது. ஓட்டம் ஒன்று செலவாகும்தான். ஆனால் தவறான அமைப்போடு ஒரு சீசன் முழுதும் ஓடுவதைவிட அது மலிவு.

நாள் முடிந்ததும் ஒவ்வொரு ஓட்டத்தின் கோப்புக்கும் தேதி, ட்ராக், ஓட்ட எண், டிரைவர் என்று பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். அதோடு செட்டப் தாளைப் புகைப்படம் எடுத்துச் சேர்க்க வேண்டும்: காற்று வெப்பம், ட்ராக் வெப்பம், டயர் அழுத்தம் குளிரிலும் சூட்டிலும், டயரின் வயது, பெட்ரோல் அளவு, பார் எந்தத் துளையில், பிரேக் பங்கீடு எத்தனை சதவீதம். தாளின் கடைசி வரியில் அடுத்த பயிற்சி நாளின் முதல் ஓட்டத்துக்கான கேள்வியை அன்றே, நினைவு சூடாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். "நீண்ட வலது வளைவில் ஆயில் அழுத்தம் புதிய தடுப்புத் தகட்டுக்குப் பிறகு 3 பாருக்கு மேல் நிற்கிறதா?" என்ற அளவுக்கு அது குறிப்பாக இருக்க வேண்டும். அடுத்த முறை காரை லாரியிலிருந்து இறக்கும்போது மெக்கானிக்கும் டிரைவரும் முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.